வெயிலில் தெளியாத எண்ணெய்

தேங்காயெண்ணெய் பாட்டிலைத் தகரக் கூரையின் விளிம்பில் வைத்துவிட்டு வந்து தைக்க உட்கார்ந்தாள். அந்தத் தகரத்தில் முற்பகலிலேயே கை வைக்க முடியாது. ஈரத்துணியைப் போட்டால் ஒரு டீ ஆறுவதற்குள் காய்ந்து மொடமொடவென்று நிற்கும். அப்பேர்ப்பட்ட வெயிலிலும் எண்ணெய் தெளியவில்லை. கஞ்சித்தண்ணீர் கலந்ததுபோல மங்கலாகவே நின்றது.

"குளிருக்கு உறையணும், வெயிலுக்கு உருகணும். இது என்ன ரெண்டுங்கெட்டானா நிக்குது?" என்று பாட்டிலைப் பார்த்தே கேட்டாள்.

லாரிகள் நிற்கும் திடலுக்குப் பின்னால் ஒரே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் அறைகளில் ஒன்று அவளுடையது. முன்பக்கம் தையல் மிஷின், பின்பக்கம் அடுப்பு, நடுவில் ஒரு கயிற்றில் தொங்கும் தூளி. அக்கம்பக்கத்தில் அவளைத் தையல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் புருஷன் எண்ணெய் டேங்கர் ஓட்டுகிறவன். திடலில் அவனுக்குப் பெயரே டேங்கர். குழந்தையை மிளகு என்று கூப்பிட்டார்கள். பிறந்தபோது அவ்வளவு சிறிசு, அழுகை மட்டும் அவ்வளவு காரம்.

மிளகுக்கு உட்காரத் தெரிந்துவிட்டது. உட்கார்ந்தபடி தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள். கைக்குழந்தைகளுக்கு வருகிற மஞ்சள் பொருக்கு அவள் உச்சியிலும் இருந்தது. எண்ணெய் வைத்து ஊறவிட்டால் தானாக உதிர்ந்துவிடும் என்று நர்ஸம்மா முன்பே சொல்லியிருந்தார். புருஷன் போன தடவை வந்தபோது கொண்டுவந்த பாட்டிலைத்தான் வைத்தாள். பொருக்கு உதிர்வதற்குப் பதிலாகத் தலையே சிவந்தது. பிறகு காதோரம் வரை பொரிப்பொரியாக எழும்பியது. இப்போது சில இடங்களில் நீர் கசிந்தது.

தைக்கக் கொடுக்க வந்த பெண்கள் குழந்தையைப் பார்த்ததும் துணியை மறந்துவிட்டு எண்ணெயைப் பிடித்துக்கொண்டார்கள்.

"தேங்காயெண்ணெய் இவளுக்கு ஆகல. நல்லெண்ணெய் வை. சூட்டை இழுத்துடும்."

"நல்லெண்ணெயா? பச்சைப்புள்ளைக்குச் சளி கட்டிக்கும். விளக்கெண்ணெய் வை. முடி கருகருன்னு வரும்."

"விளக்கெண்ணெய் வச்சா ஈ உட்கார்ந்தா எந்திரிக்காது. பாதாம் எண்ணெய் வாங்கு. எங்க மருமக அதைத்தான் வைக்கிறா."

"வச்சு என்ன ஆச்சு? புள்ளைக்கு முடி வந்துச்சோ இல்லியோ, உங்க மகனுக்கு வழுக்கை விழுந்துடுச்சு."

சிரித்தார்கள். தையலும் சிரித்தாள். அவர்கள் போன பிறகு ஊசியில் நூல் கோக்க வராமல் கண் மறைத்தது. இந்தப் பொம்பளைகளில் ஒருத்திக்கும் தன் ரவிக்கைக் கை அளவைச் சரியாகச் சொல்லத் தெரியாது. எண்ணெய்க்கு மட்டும் ஆளுக்கொரு அளவு வைத்திருக்கிறார்கள். ஆனால் யாரோ ஒருத்தி சொல்வது சரியாகவும் இருக்கலாம். எவள் என்றுதான் தெரியவில்லை.

புருஷனுக்குப் போன் போட்டாள்.

அவன் ஓர் ஆலையின் வாசலில் சரக்கு இறக்க வரிசையில் நின்றான். வண்டிக்குள் அடுப்புச் சூடு. வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு, ரொட்டிக்குள் அவித்த முட்டையை வைத்துத் தின்றுகொண்டிருந்தான்.

"என்ன பண்றா?"

"தலையைப் பிச்சுக்கிறா. தேங்காயெண்ணெய் சேரல போலிருக்குங்க. பொரிப்பொரியா எழும்பி நிக்குது. தண்ணி கூட வருது."

"தேங்காயெண்ணெய் சேராம இருக்குமா? நம்ம ரெண்டு பேருமே அதுல வளர்ந்த ஆளுங்கதான்."

"என்னத்தைச் சொல்றது. நீங்க வாங்கிட்டு வந்ததும் ஒரு மாதிரியாதான் இருக்கு. வெயில்ல வச்சாலும் தெளிய மாட்டேங்குது."

அவன் வாயில் ரொட்டி அப்படியே நின்றது.

"தெளியலியா?"

"தகரத்து மேல வச்சேன். கலங்கியேதான் கிடக்கு. தேய்ச்சா கையில வழுவழுன்னு ஒரு மாதிரி…"

"அதை வைக்காதே."

"ஏன்?"

"வைக்காதேன்னா வைக்காதே. தலையைக் கழுவி விடு. நர்ஸம்மாகிட்ட இப்பவே தூக்கிட்டுப் போ."

போனை வைத்தான். ரொட்டியை எறும்புக்குப் போட்டான். தலைக்கு மேலே டேங்கின் வயிறு. அதன் பின்புறம் வால்வு. வால்வுக்கு முன்னால் குழாய் கீழ்நோக்கி வளைகிற இடத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

எண்ணெய் வண்டிக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சரக்கை இறக்கி முடித்த பிறகும் டேங்கின் சுவரில் ஒட்டியது மெல்ல இறங்கி, குழாய் வளைவில் தேங்கி நிற்கும். அதற்கு வடி என்று பெயர். அதை ஆலைக்காரன் கேட்க மாட்டான், முதலாளி கேட்க மாட்டார். ஓட்டுகிறவன் பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாம். வீட்டில் தாளிக்க, தலைக்கு வைக்க, கதவுக் கீலுக்கு விட எல்லாம் அதுதான். ஒரே ஒரு கட்டுப்பாடு. சரக்கு மாறும்போது டேங்கைக் காஸ்டிக் சோடா என்கிற காரம் கலந்த வெந்நீர் விட்டுக் கழுவுவார்கள். கழுவிய பிறகு ஏற்றுகிற முதல் சரக்கின் வடியை ஒருவனும் தொடக் கூடாது. என்னதான் அலசினாலும் அந்த வளைவில் காரத்தண்ணீர் கொஞ்சம் நின்றுவிடும். எண்ணெயோடு சேர்ந்தால் சோப்பாக மாறிவிடும். வண்டி துடைக்கிறவனுக்குக்கூட இது தெரியும்.

டேங்கருக்கும் தெரியும். அந்தப் பாட்டிலைப் பிடித்த அன்று இறக்கியது கழுவிய பிறகு ஏற்றிய முதல் சரக்கு என்பதும் தெரியும். ஆனால் அன்று நல்ல மழை. ஈரக்காற்று எலும்பைக் குத்தியது. வடி கலங்கலாக இறங்கியபோது, குளிருக்குத் தேங்காயெண்ணெய் இப்படித்தான் மங்கும் என்று எண்ணிக்கொண்டான். ஒரு டேங்க் எண்ணெய் ஓடிய குழாயில் இன்னுமா காரம் நிற்கப்போகிறது என்றும் எண்ணிக்கொண்டான். மனசுக்கு வேண்டியதை எண்ணிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த ஓட்டம் வீட்டுக்கு. வெறுங்கையோடு போக அவனுக்கு மனசில்லை.

கடையில் வாங்கியது என்று மனைவியிடம் சொல்லிவிட்டான்.

நர்ஸம்மா குழந்தையின் தலையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன எண்ணெய் வச்சே?"

"தேங்காயெண்ணெய்தாம்மா. அவங்கப்பா வாங்கிட்டு வந்தது."

"தேங்காயெண்ணெய்க்கு இப்படி எரிச்சல் வர்றது அபூர்வம். சரி, இப்ப எதுவுமே வேண்டாம். மிதமான தண்ணியில கழுவு, ஒத்தி எடு, இந்த மருந்தை லேசாப் போடு. பொருக்கை நகத்தால பிய்க்காதே. தோல் மூடின பிறகு எண்ணெய் பார்த்துக்கலாம்."

"எந்த எண்ணெய்ம்மா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. கடுகெண்ணெய் கூடச் சொன்னாங்க."

"கடுகெண்ணெய் பக்கமே போகாதே, எரியும். வாசனை சேர்த்தது எதுவும் வேண்டாம். புதுசாப் பிழிஞ்ச சாதா எண்ணெய் ஒண்ணே ஒண்ணு எடு. நாலைக் கலந்து வச்சா எது சேரலைன்னு எப்படித் தெரியும்? முதல்ல புள்ளை கையில, உள்பக்கமா, ஒரு சொட்டு விடு. ஒரு நாள் பொறு. சிவக்கலைன்னா அப்புறம் தலைக்கு."

"சொல்லிட்டீங்கல்ல, நிம்மதி. எல்லாரும் முடி வளரும் முடி வளரும்னு…"

"முடி அது பாட்டுக்கு வளரும். எண்ணெய் எதுக்குன்னா நீ தொட்டுத் தடவுறதுக்கு. அதுக்குத்தான் புள்ளை தலையைக் காட்டுது."

டேங்கர் வந்தபோது மிளகு பக்கத்து அறைக்காரனின் மடியில் இருந்தாள். அவன் வெல்டர். ஓட்டை விழுந்த டேங்குகளுக்கும் உடைந்த கொக்கிகளுக்கும் பற்றவைக்கிறவன். பொறி என்று பெயர். பொறி பட்டுப் பட்டு அவன் சட்டை முழுக்கச் சல்லடை. வெயிலுக்கும் புகைக்கும் ஆகும் என்று தலையில் தேங்காயெண்ணெயை வழிய வழிய வைத்துக்கொள்வான். மிளகு இரண்டு கையாலும் அவன் முடியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, வாங்க. இந்தா உங்க முதலாளி. ஒரு மணி நேரமா என்னைத்தான் ஓட்டிட்டு இருக்கா."

டேங்கர் கையை நீட்டினான். குழந்தை பார்த்தது. உதடு பிதுங்கியது. திரும்பி வெல்டரின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிட்டது.

"டீசல் வாசம்ணே. குளிச்சுட்டு வாங்க. குழந்தைங்க மூக்காலதான் ஆளைப் பார்க்கும்."

"போன தடவையும் குளிச்சுட்டுத்தான் வந்தேன்."

"அப்ப உங்க மூஞ்சிதான்ணே காரணம். அதுக்கு நான் ஒண்ணும் பத்தவைக்க முடியாது."

டேங்கர் சிரித்துவைத்தான். குளித்தான். சோப்பைப் போட்டுப் போட்டுத் தேய்த்தான். டீசல் போனது. உள்ளங்கை வெடிப்புகளில் இருந்த கரி போகவில்லை. அது பல வருஷத்துக் கரி.

மனைவி தட்டில் சோறும் பருப்பும் வைத்துவிட்டு மறுபடி தைக்க உட்கார்ந்தாள். அவன் சாப்பிடாமல் மிஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றான். மிஷினில் ஒரு பட்டுத்துணி கிடந்தது.

"துணியைத் தொட்டுடாதீங்க. உங்க கை பட்டா நூலை இழுத்துடும். போன தடவை ஒண்ணை இழுத்து, அந்தம்மாகிட்ட நான் பட்ட பாடு போதும்."

"தொடல." இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "அந்த எண்ணெய் கடையில வாங்கினது இல்ல."

அவள் கால் மிதித்துக்கொண்டே இருந்தது.

"வடி."

"வடியா? சரி, வடிதானே. நாமளும் அதைத்தானே வைக்கிறோம்."

"கழுவின பிறகு முதல் வடி."

மிதி நின்றது. அவள் வண்டிக்காரன் பெண்டாட்டி. விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எழுந்து போய்ப் பாட்டிலை எடுத்து வந்தாள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து, நாலு சொட்டு விட்டு, விரலால் அடித்தாள். மெல்ல வெள்ளையாக நுரை எழும்பியது. கிண்ணத்தை அவன் முன்னால் வைத்தாள்.

"பாருங்க."

பார்த்தான்.

"ஊருக்கெல்லாம் டேங்க் டேங்கா நல்ல எண்ணெய் கொண்டுபோய் ஊத்துறீங்க. வீட்டுக்குக் கழுவின தண்ணி."

"தெரிஞ்சு செய்வேனா? குளிருக்கு மங்கியிருக்குன்னு நினைச்சேன்."

"என் பால்ல ஏதாச்சும் கோளாறோன்னு நான் புளி, காரம் எல்லாம் விட்டுட்டு வெறும் சோத்தைத் தின்னுட்டு இருந்தேன். உங்களுக்குத் தெரியுமா அது? கடையில வாங்கினதுன்னு ஏன் சொன்னீங்க?"

"வடின்னு சொன்னா பச்சைப்புள்ளைக்கு வைக்க மாட்டே."

"மாட்டேன்தான். கடையில இல்லாத எண்ணெயா? எதுக்கு இந்த வேலை?"

அவனுக்குச் சொல்லவும் வெட்கம், சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"இவ பொறிகிட்ட போறா. என்கிட்ட வர மாட்டேங்கிறா. அவன் தலையில வழியுதே, அதே எண்ணெயைத்தான் நானும் ஏத்துறேன். என் சட்டை, என் படுக்கை எல்லாம் அந்த வாசம்தான். அதே வாசம் இவ தலையிலயும் இருந்தா… நான் இல்லாதப்பவும் வீட்டுல அது இருந்தா… வரும்போது தெரியும்ல."

"என்ன தெரியும்?"

"நான்தான்னு."

தையல் கிண்ணத்தை எடுத்துப்போய் வாசலில் கொட்டினாள். பாட்டிலையும் கவிழ்த்தாள். உள்ளே வந்தபோது அவள் குரல் தணிந்திருந்தது. தணிந்த குரல்தான் அவனுக்குப் பயம்.

"இனி இவ தலையை நீங்க தொடக் கூடாது."

"ஆறுற வரைக்கும்தானே?"

"நான் சொல்ற வரைக்கும்."

அடுத்த ஓட்டம் நெடுந்தூரம். வழியெல்லாம் மழை. கண்ணாடித் துடைப்பான்களில் ஒன்றுதான் வேலை செய்தது. போகிற ஊர்களில் எண்ணெய் பிழிகிற இடம் எங்கே என்று விசாரித்து, வண்டியை ஓரம் கட்டிவிட்டு நனைந்துகொண்டே போவான். தேங்காய், எள், ஆமணக்கு, பாதாம் என்று மருந்துப் புட்டி அளவுக்கு ஒவ்வொன்று வாங்கினான். நர்ஸம்மா கையின் உள்பக்கத்தில் சொட்டுவிடச் சொன்னதை மனைவி சொல்லிக் கேட்டிருந்தான். யார் கை என்பதை அவன் சரியாகக் கேட்கவில்லை.

தன் உடம்பைத் தேடினான். உள்ளங்கை தோல் செருப்பு. முன்கை வெயிலில் வெந்து வெந்து கறுத்திருந்தது. கழுத்தும் அப்படியே. வெயில் படாத, ஸ்டியரிங் படாத, ஸ்பேனர் படாத இடம் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. முழங்கையின் உள்மடிப்பு. அங்கே மட்டும் தோல் வெளுத்து, நரம்பு தெரிய, யாரோ வேறொரு ஆளின் தோலைப்போல இருந்தது. இந்த வயதுவரை அதை அவன் பார்த்ததில்லை. பேனாவால் வட்டம் போட்டு, ஒரு கையில் இரண்டு, இன்னொரு கையில் இரண்டு என்று சொட்டுகளைத் தடவிக்கொண்டான்.

எடைமேடைக்காரர் கேட்டார். "என்னய்யா கையில? பச்சை குத்தியிருக்கியா?"

"எண்ணெய்."

"எந்த வலிக்கு?"

"வலிக்கு இல்ல சார். புள்ளைக்கு."

அவர் இவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சீட்டைக் கொடுத்தார்.

தினமும் போன் செய்தான். அவள் குழந்தையைப் பற்றி மட்டும் பேசினாள்.

"ஆறிட்டு வருது. கசிவு நின்னுடுச்சு. பொருக்குகூடக் கொஞ்சம் உதிர்ந்துடுச்சு."

"தூங்குறாளா?"

"தூங்குறா."

"என்னைத் தேடுறாளா?"

அந்தப் பக்கம் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "தேடணும்னா ஆளைத் தெரியணும்ல."

துடைப்பான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. அவன் கொஞ்ச நேரம் வண்டியை எடுக்கவில்லை. இருக்கைக்குப் பின்னால் அவன் படுக்கிற பலகையில் குழந்தையின் பழைய சட்டை ஒன்று கிடந்தது. துணி உருப்படிகளோடு தவறி வந்துவிட்டது என்று மனைவியிடம் சொல்லியிருந்தான். தவறி வரவில்லை, எடுத்து வந்திருந்தான். அதில் இப்போது டீசல் வாசம்தான் இருந்தது. இருந்தாலும் முகத்தில் போட்டுக்கொண்டு படுப்பான்.

திரும்பி வந்த அன்று மழை ஓய்ந்து திடல் முழுக்கச் சேறு. வெல்டர் வெளியே கொக்கி ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தான். டேங்கரின் மடித்துவிட்ட சட்டைக் கையைப் பார்த்ததும் முகமூடியைத் தூக்கினான்.

"என்னண்ணே இது, கையெல்லாம் வட்ட வட்டமா?"

சொன்னான்.

வெல்டர் உருண்டு உருண்டு சிரித்தான். "உங்க தோல்லயா? அண்ணே, உங்க தோல்ல நான் பத்தவைச்சாலே ஒண்ணும் ஆகாதே! அண்ணி, இங்க வந்து பாருங்க, உங்க வீட்டுக்காரரு எண்ணெய்ப் பரீட்சை எழுதிட்டு வந்திருக்காரு!"

"சும்மா இரு தம்பி," என்றாள் தையல் உள்ளேயிருந்து.

அவன் புட்டிகளை வரிசையாக மிஷின் பலகையில் வைத்தான். "நாலும் பார்த்துட்டேன். எதுவும் சிவக்கல. விளக்கெண்ணெய் மட்டும் பிசுபிசுன்னு தூசியை இழுக்குது. மிச்சதுல எது வேணா…"

"நர்ஸம்மா சொன்னது புள்ளையோட கையில," என்றாள் அவள்.

"புள்ளை கையிலயா?"

"ஆமா. அவ தோலுக்குச் சேருதான்னு அவ தோல்தானே சொல்லணும்?"

அவன் தன் முழங்கை மடிப்புகளைப் பார்த்தான். "அப்ப இது வீணா?"

"வீண்தான்."

சொல்லிவிட்டு ஒரு துணியை நனைத்து எடுத்து வந்து அவன் கையை இழுத்துப் பேனா வட்டங்களைத் துடைத்தாள். ஒரு வட்டம் போகவில்லை. மெல்லத் தேய்த்தாள். கட்டைவிரல் அந்த இடத்தில் கொஞ்சம் நின்றது.

"எத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், இந்த இடம் இப்படி இருக்கும்னு தெரியாது," என்றாள்.

எண்ணெயை அவள் முன்பே தேர்ந்துவிட்டிருந்தாள். சந்தைக்குப் போகிற வழியில் இருக்கும் செக்குக்காரர் கடையில் மிளகை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று, கொப்பரை உள்ளே போவதையும் எண்ணெய் வெளியே வருவதையும் இரண்டு கண்ணால் பார்த்து, வீட்டிலிருந்து கொண்டுபோன காய்ந்த பாட்டிலில் பிடித்து வந்திருந்தாள். செக்குக்காரர், "என்னம்மா போலீஸ் மாதிரி நிக்கிறே," என்று கேட்டாராம். "எங்க வீட்டுல ஒரு திருடன் இருக்கான்," என்றாளாம். பாட்டிலை ஜன்னலில் வைத்தாள். கண்ணாடிபோல அதன் வழியாக எதிர்ச்சுவர் தெரிந்தது.

நேற்றே மிளகின் கையில் ஒரு சொட்டு விட்டிருந்தாள். இன்று காலை பார்த்தாள். சிவக்கவில்லை. பூவாக இருந்தது.

வழக்கமாக அவனுக்கு வீட்டில் கிடைப்பது ஒரு பொழுதுதான். மதியத்துக்குள் ஆலைக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். சாப்பிட்டான். சட்டையை மாட்டிக்கொண்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். போகவில்லை. மிளகு பாயில் உட்கார்ந்து நூல்கண்டு ஒன்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். தலை தெளிந்திருந்தது. புதுமுடி கோழிக்குஞ்சின் மேலிருப்பதுபோல மெல்லிசாக, உச்சிக்குழி துடிப்பது தெரிய எழும்பியிருந்தது.

தையல் பாட்டிலை எடுத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள்.

"சாவியை வைங்க."

வைத்தான்.

"கையை நீட்டுங்க."

நீட்டினான். அவள் எண்ணெய் ஊற்றவில்லை. வெட்டி மிச்சமான பட்டுத்துண்டு ஒன்றை எடுத்து அவன் உள்ளங்கையின் மேல் இழுத்தாள். சர்ரென்று சிக்கியது. ஒரு நூல் பிரிந்து அவன் வெடிப்பில் நின்றது.

"பார்த்தீங்களா."

அவன் கையை மடக்கிக்கொண்டான். "சரி. நீயே வை. நான் பார்த்துட்டுப் போறேன்."

"மடக்காதீங்க. சட்டைக் கையைத் தூக்குங்க. இன்னும் மேல."

முழங்கை மடிப்பில் பட்டுத்துண்டை வைத்து இழுத்தாள். தண்ணீர்மேல் போவதுபோல வழுக்கிக்கொண்டு போனது. அங்கே கொஞ்சம் எண்ணெய் ஊற்றினாள். இன்னொரு கையால் மிளகைத் தூக்கி, அவன் மடியில் வைத்து, தலையை அந்த மடிப்பில் சாய்த்தாள்.

குழந்தை நிமிர்ந்து பார்த்தது. உதடு பிதுங்கியது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். ஓடவும் முடியாத, பிடிக்கவும் முடியாத ஆள்போல உட்கார்ந்திருந்தான்.

"சிலையாட்டம் இருக்காதீங்க. கையை மெல்ல ஆட்டுங்க. அப்பத்தான் தடவும்."

ஆட்டினான். கைதான் போய்வந்தது, தலை அதில் உருண்டது. பிதுங்கிய உதடு அப்படியே நின்று யோசித்தது. மூக்கு அவன் கைப்பக்கம் திரும்பியது. எண்ணெயும் அதற்கடியில் போகாத டீசலும் அதற்கும் அடியில் ஏதோ ஒன்றுமாக, என்ன கண்டதோ, உதடு உள்ளே போனது. கொட்டாவி விட்டது.

"அழல," என்றான் அவன், காற்றே வராத குரலில்.

"பேசாதீங்க."

ஆட்டிக்கொண்டே இருந்தான். இமைகள் கனத்து இறங்கின. வாயிலிருந்து ஓர் எச்சில் நூல் அவன் கையில் இறங்கியது. தூங்கிவிட்டாள்.

அப்போதுதான் அவன் போன் அடித்தது. தையல் பாய்ந்து எடுத்தாள். ஆலைக் கம்பெனியின் ஆள்.

"டேங்கர் எங்கம்மா? வரிசை நகர ஆரம்பிச்சுடுச்சு. கிளம்பிட்டானா இல்லியா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்து குழந்தையின் உச்சிக்குழி துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வண்டி ஸ்டார்ட் ஆகல சார்."

"ஸ்டார்ட் ஆகலியா? நேத்து நல்லாத்தானே ஓடுச்சு?"

"என்னமோ அடைச்சுக்கிச்சாம். பக்கத்துல தம்பி பார்த்துட்டு இருக்கு. உள்ளே படுத்துட்டு இருக்காரு, கையெல்லாம் எண்ணெய்."

ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் காதுகள் உண்டு. வெல்டர் வெளியே வந்தான், சுத்தியலை எடுத்தான், டேங்கின் வயிற்றில் ஓங்கி ஒன்று வைத்தான். காலி டேங்க் கோயில் மணிபோல முழங்கியது.

"கேக்குதா சார்?" என்றாள்.

மிளகுக்குத் தூக்கத்தில் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு கையும் காற்றில் விரிந்து, பற்றிக்கொள்ள எதையோ தேடி, அவன் சட்டையில் மாட்டி, இறுக்கிக்கொண்டன. கண் திறக்கவில்லை. அழவில்லை.

தையல் போனை மார்பில் அழுத்திக்கொண்டு வாசலுக்கு ஓடி, "போதும் தம்பி, அடிக்காதே," என்று கையைக் காட்டினாள். வெல்டர் சுத்தியலை வைத்துவிட்டு, உண்மையாகவே பழுது பார்க்கிறவன்போல வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். முதுகில் அப்பும் சேற்றைப் பற்றி அவன் கவலைப்படவில்லை.

எப்படியும் போகத்தான் வேண்டும். வரிசை நகர்கிறது. இன்றைய சரக்கு இருக்கிற ஊர் தொலைவு. திரும்பி வரும்போது மிளகு தவழ ஆரம்பித்திருப்பாள், தலையில் முடி அடர்ந்திருக்கும், மறுபடியும் உதட்டைப் பிதுக்குவாள். அதெல்லாம் அவனுக்குத் தெரியும். கை மரத்துப்போய் அது தன்னுடைய கைதானா என்றே தெரியவில்லை. சட்டையை இறுக்கியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. சுண்டுவிரல் மட்டும் பொத்தானில் மாட்டிக்கொண்டு நின்றது.

"எடுத்து விடவா?" என்று கேட்டாள் தையல்.

"இருக்கட்டும்," என்றான். "அதுவா விடட்டும்."